கண்ணாடியம்மாவும் செம்பு கேஸ்கட்டும்

சுவரில் மாட்டப் போகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்துதான் கண்ணாடியம்மாவுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. விற்கிறேன் என்றிருந்தால், உடைத்து எடைக்குப் போடுகிறேன் என்றிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். முப்பது வருஷம் அவளைச் சுமந்த மோட்டார் சைக்கிளை எண்ணெய் வடித்து, சக்கரம் சுற்றாமல் வெல்டு வைத்து, தான் புதிதாகக் கட்டும் ஹோட்டலின் வரவேற்பறையில் படம் மாட்டுகிற மாதிரி மாட்டி, மேலே ஒரு விளக்கும் போடுவானாம் அந்த ஆள். சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்கு ஏதோ பெரிய மரியாதை செய்வதாக அவனுக்கு நினைப்பு.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது வேறு யாருமில்லை, பெற்ற பிள்ளைதான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. யார் எப்போது விழுவார்கள், எதில் அடிபடுவார்கள் என்றே நாள் முழுக்க யோசிக்கிற உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்த யோசனை விடாது. ஹோட்டல்காரர் கொடுத்த விசிட்டிங் கார்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தான். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவள் கண்ணில் படவேண்டும் என்றுதான்.

கண்ணாடியம்மா என்ற பெயர் மூக்குக்கண்ணாடிக் கடையால் வந்தது. இருபத்தோரு வயதில் அந்தக் கடையின் பின்னறைக்குப் போனவள், முப்பத்தெட்டு வருஷமாக அங்கேதான் லென்ஸ் தேய்க்கிறாள். முன்னால் கண்ணாடி அலமாரியும் குளிர்ந்த காற்றும் இருக்கும். பின்னறையில் தேய்க்கிற பொடியும் ஈரமும் ஒரு ஸ்டூலும்தான். இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மெஷின் தேய்த்ததைக் கடைசியில் அவள் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துச் சரி என்றால்தான் முன்னறைக்குப் போகும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் அவள் கட்டைவிரல் நகத்துக்குத் தெரிந்துவிடும். இது அவளே சொல்லிக்கொள்வதில்லை. கடை முதலாளி, அவள் சம்பள உயர்வு கேட்காத மாதங்களில் சொல்வார்.

வண்டி வாங்கியபோது அவளுக்கு இருபத்தொன்பது. அப்போதே அந்த வண்டிக்கு இருபது வயது. ஒற்றை சிலிண்டர், கனத்த இரும்பு, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் யாரும் வாங்கவில்லை என்று மூடி வைத்திருந்தார். அவர் வண்டியோடு கொடுத்த கையேடு இன்றும் அவளிடம் இருக்கிறது, அட்டைதான் இல்லை. புருஷன் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தான். அவனுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை, சாகிற வரைக்கும் பின்சீட்டில்தான் வந்தான். பொண்டாட்டி ஓட்டப் புருஷன் பின்னால் உட்காருகிறான் பார் என்று தெருவே வாய்விட்டுச் சிரித்தது. "முன்னாடி உக்காந்தா காத்து மூஞ்சியில அடிக்குது, பின்னாடிதான் சொகுசு" என்பான் அவன். சிரித்தவர்கள் சிரித்துச் சலித்துப் போனார்கள். இவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

வம்பு போன வருஷம் ஆரம்பித்தது. வீடு மேட்டின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். கடை அடிவாரத்தில். ஒரு சாயங்காலம் பாதி மேட்டில் இன்ஜினிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று பிரிகிற சத்தம். வலது கால் செருப்பெல்லாம் எண்ணெய். சிலிண்டருக்கும் அதன் தலையில் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். வெடிக்கிற நெருப்பும் மேலே ஏறுகிற எண்ணெயும் வெளியே வராமல் அடைத்து நிற்க வேண்டியது அதுதான். ஹெட் கேஸ்கட் என்பார்கள். அது போயிருந்தது.

தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டாள். எந்த போல்ட்டை முறுக்கினாலும் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பான். அதனால் அவனுக்குத் தம்கட்டி என்று பெயர். நல்லவன், வேலையில் ஏமாற்று கிடையாது. ஆனால் உலகத்தில் கசிகிற எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான், இன்னும் கொஞ்சம் முறுக்குவது. புதுக் கேஸ்கட் வைத்தான், இரண்டு பக்கமும் சிவப்புப் பசையைக் கெட்டியாகப் பூசினான், தம் கட்டினான். நாலு மாதத்தில் மறுபடி புஸ். ஹெட் வளைந்திருக்கும் என்று லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சீவிக்கொண்டு வந்தான், மறுபடி பசை, மறுபடி தம். இரண்டு மாதம் வந்தது. மூன்றாம் தடவை இன்னும் ஒரு சீவல், இன்னும் நீளமான குழாய். மூன்றே வாரம்.

மூன்றாம் தடவை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறுவதைப் பிள்ளை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்து. இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்றான், எலும்பு உடைந்தால் சேராது என்றான், அவன் ஆபீஸ் கணக்குப்படி அறுபதை நெருங்குகிறவர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று விரல்விட்டுச் சொன்னான். தம்கட்டியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தான். "இன்ஜினுக்கு ஆயுசு முடிஞ்சுதுக்கா, இனி எவன் கை வச்சாலும் நிக்காது" என்று அவனும் சொல்லிவிட்டான். அடுத்த வாரமே ஹோட்டல்காரர் வந்தார்.

கண்ணாடியம்மா எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை அந்த ஆள் வரட்டும். அன்னிக்கு நான் இந்த மேட்டை ஏறி இறங்குவேன். பொழுது சாயறதுக்குள்ள எண்ணெய் கசியறதை நிறுத்த முடியலேன்னா எடுத்துட்டுப் போகச் சொல்லு, நானே கையெழுத்துப் போடறேன். நிறுத்திட்டேன்னா என் வண்டியைப் பத்தி இந்த வீட்ல ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

பிள்ளை உடனே சிரித்துக்கொண்டு சரி என்றான். மூன்று தடவை மெக்கானிக்கால் முடியாதது ஆறு நாளில் அம்மாவால் முடியவா போகிறது என்று அவனுக்கு ஏகப்பட்ட தைரியம். அந்தச் சிரிப்பு அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கடையிலிருந்து ஒரு தடித்த கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்தாள். ரப்பர் ஸ்டாம்புக்கு ஊற்றுகிற ஊதா மையும் ஒரு புட்டி. ஹெட்டைக் கழற்றினாள். பலகையில் மையை மெல்லிசாகத் தடவி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்தாள். முகம் பூராவும் ஒரே சீராக மை ஒட்டியிருந்தது. லேத்காரன் வேலையில் குற்றமில்லை. ஹெட் தட்டையாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் கசிகிறது? மேலே உட்காருவதைத்தான் மூன்று தடவையும் பார்த்தார்கள், அது உட்காருகிற இடத்தை யார் பார்த்தார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. ஹெட் கையில் கழன்று வரும், பையில் போட்டு லேத்துக்குக் கொண்டுபோகலாம். சிலிண்டர் இன்ஜினோடு அப்படியே நிற்கும். கையில் வந்ததை எல்லாரும் சீவினார்கள், வராததை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பலகையை சிலிண்டர் மேல் கவிழ்த்து எடுத்தாள். ஐந்து போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் ஐந்து ஊதா வளையம். மற்ற இடத்தில் ஒரு பொட்டு மை இல்லை. கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு துளையின் வாயும் உதடு பிதுங்கின மாதிரி எழும்பி நின்றது. தம் கட்டி இழுத்த இழுப்பில் போல்ட், மரையோடு இரும்பையும் மேலே தூக்கியிருக்கிறது. அந்த ஐந்து மேட்டின் மேல்தான் ஹெட் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் கேஸ்கட்டை அழுத்த ஆளே இல்லை. கசியக் கசிய இன்னும் முறுக்கினான், முறுக்க முறுக்க இன்னும் எழும்பியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வருஷமாக வண்டிக்கு வயதாகிவிட்டது என்று இவர்கள் சொன்னதெல்லாம் இதுதான்.

தம்கட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். அது அப்படித்தான் இருக்கும் என்றான், பிறகு இரும்பு அந்தக் காலத்தது என்றான். சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

துளையைவிடப் பெரிய துரப்பண முனை ஒன்றைக் கையாலேயே திருப்பித் திருப்பி, பிதுங்கின உதடுகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் சரித்து வெட்டினாள். பிறகு சிலிண்டரைத் தலைகீழாகக் கண்ணாடிப் பலகையில் வைத்து, தேய்க்கிற பொடியும் தண்ணீரும் விட்டு, எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்த்தாள். கடையில் அவள் செய்கிற வேலைதான். லென்ஸ் விரல் நுனியில் நிற்கும், இது ஏழு கிலோ. வீட்டில் ஆடாத மேஜை ஒன்றே ஒன்று. மருமகள் அதைப் பார்த்துவிட்டு, இது சாப்பிடுகிற மேஜை அத்தை என்று மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பாட்டை மடியில வச்சுச் சாப்பிடலாம்மா. இதை மடியில வச்சுத் தேய்க்க முடியாது."

மூன்று நாள் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். பிள்ளை உர்ரென்று சாப்பிட்டான். வியாழக்கிழமை மை வைத்துப் பார்த்தபோது முகம் முழுக்க ஊதா. பொடி ஒரு துளி தங்காமல் சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவி, எண்ணெய் தடவி, இன்ஜினில் திரும்ப உட்கார வைத்தாள்.

அடுத்தது எந்தக் கேஸ்கட் என்பது. இரண்டு தடவை சீவியதில் ஹெட் இறங்கியிருக்கிறது, பழைய தடிமனே வைத்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இடம் பற்றாது, உள்ளே அழுத்தமும் ஏறிவிடும். பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை வாங்கி பிஸ்டன் தலையில் வைத்து, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மூடி, ஒரு சுற்றுக் கையால் சுற்றித் திறந்தாள். நசுங்கிய களிமண்ணை லென்ஸ் தடிமன் பார்க்கிற கருவியில் வைத்தாள். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கேஸ்கட்டின் தடிமனைக் கூட்டித்தான் ஆக வேண்டும். உதிரிபாகக் கடைக்காரர் வழக்கமான, கரி சேர்த்து அழுத்திய தாள் கேஸ்கட்டை எடுத்துப் போட்டார். மேடுபள்ளம் இருந்தாலும் அதுவே நசுங்கிச் சரிசெய்துகொள்ளும் என்றார். மேடுபள்ளம் இருந்தால்தானே, என் வண்டியில் இருப்பது கண்ணாடி மாதிரி தட்டை என்றாள் இவள். தாள் ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், ஓரமும் கருகும். செம்பு அப்படியில்லை. கேட்பாரில்லாமல் தொங்கிய தடித்த செம்புத் தகட்டைக் கேட்டு வாங்கினாள். செம்பு கசியும், யாரும் வாங்குவதில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஏன் கசிகிறது என்று அவளுக்குத் தெரியும். அவர் வாடிக்கையாளர்களெல்லாம் தம்கட்டிகள்.

சனிக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைத்து, தகட்டை இடுக்கியில் பிடித்து மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினாள். வேடிக்கை பார்க்க வந்து நின்றான் தம்கட்டி. கோபம் இருந்தாலும் அவனால் வராமல் இருக்க முடியவில்லை. அவள் தகட்டைத் தண்ணீரில் போட்டதும், விறைத்துவிடும் என்று பதறினான். விறைப்பது எஃகு. செம்பைக் காய்ச்சிப் போட்டால் இளகும், கண்ணாடி பிரேம் வளைத்த கை அது. தகட்டை எடுத்து இரண்டு விரலால் அசைத்துக் காட்டினாள். துணி மாதிரி தொய்ந்தது. கறுப்பை நன்றாகத் துடைத்து, வெள்ளிப் பெயின்ட்டை இரண்டு பக்கமும் பனி பட்டது போல லேசாக அடித்து, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் காயவிட்டாள். பசை போடாமலா என்று கேட்டான். நசுங்கின பசை உள்ளே ஒழுகி எண்ணெய் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நீ பூசினதையெல்லாம் இந்த வாரம் நான்தான் சுரண்டி எடுத்தேன் என்றாள்.

"முறுக்கறதுக்காவது என்னைக் கூப்பிடுங்கக்கா. உங்க கையில வலு பத்தாது."

"வலுவாலதான் தம்பி இது இந்தக் கதிக்கு வந்துச்சு."

பயணம் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை எடுத்து வந்தாள். ஓரடி ஸ்பேனரின் நுனியில் கொக்கியை மாட்டி, முள் நாலு கிலோ காட்டும்வரை இழுத்தாள். குறுக்கும் நெடுக்குமாக ஐந்து போல்ட்டும். அடுத்த சுற்று எட்டு. கடைசிச் சுற்று பன்னிரண்டு. கையேட்டில் இருந்த அளவைக் கணக்குப் போட்டு வந்த எண் அது, அதற்கு மேல் ஒரு மயிரிழை இல்லை. பச்சைப்பிள்ளைகூட இழுக்கலாம். இவ்வளவுதானா என்று தம்கட்டி வாயில் கைவைத்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹோட்டல்காரரின் வேன் வந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. மோட்டார் சைக்கிளை வேனில் ஏற்றச் சாய்வுப் பலகையையும் இறக்கி வைத்துவிட்டார்கள். ஹெட் சேருகிற இடத்தைச் சுற்றி ஒரு டிஷ்யூ தாளை வைத்துக் கம்பியால் கட்டிவிட்டு, கண்ணாடியம்மா உதைத்தாள். மூன்றாம் உதையில் கிளம்பியது. வேனுக்கும் வாசல் தூணுக்கும் இடையில் நுழைத்துக்கொண்டு போய், அடிவாரம் வரை இறங்கி ஏறி வந்து நிறுத்தினாள். காற்றுப் பிரிகிற சத்தம் துளியும் இல்லை. ஆனால் தாளைப் பிரித்தபோது, ஓர் ஓரத்தில் நகத்தளவு எண்ணெய்க் கறை.

"போதும்மா. முடிஞ்சுது" என்றான் பிள்ளை. குரலில் கேலி இல்லை, உண்மையாகவே பாவம் பார்த்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"முடியல. சூட்டுல செம்பு உட்கார்ந்திருக்கு, போல்ட் தளர்ந்திருக்கும். ஆறினப்புறம் இன்னொரு தடவை முறுக்கணும்."

இது சாக்கு என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. தம்கட்டிக்கோ கை பரபரத்தது. ஸ்பேனரும் குழாயுமாக வந்துவிட்டான். இப்போதே சூட்டோடு ஒரு இழுப்பு, கறை நின்றுவிடும், ஒரே ஒரு இழுப்பு என்று கெஞ்சினான். நிற்கும்தான், இன்றைக்கு நிற்கும். வேன் திரும்பிப் போய்விடும். ஒரு நொடி அவளுக்கே சபலம் தட்டியது. பிறகு அவன் கையை மணிக்கட்டில் பிடித்துத் தள்ளினாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வண்டிக்கும் வேனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். ஹோட்டல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், இன்னும் எவ்வளவு நேரம் மேடம் என்றார். இரும்பு எப்போது ஆறுகிறதோ அப்போது என்றாள். அரைமணி பொறுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார், சாய்வுப் பலகை மட்டும் அங்கேயே கிடந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. வண்டியை நிழலில் தள்ளி, நாற்காலியையும் நகர்த்திக்கொண்டாள். மருமகள் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள், போகும்போது சிரிப்பை அடக்கினாள். நாலு மணி நேரம் கழித்து ஹெட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஒவ்வொரு போல்ட்டாக லேசாகத் தளர்த்தி, கொக்கியை மாட்டி, மறுபடி பன்னிரண்டு. ஐந்தும் காலையில் நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போய் நின்றன. செம்பு இடம் கொடுத்திருந்தது. அவள் சொன்னது சரிதான்.

புதுத் தாள் கட்டிக்கொண்டு இரண்டு தடவை மேடு ஏறினாள். இரண்டாம் தடவை உச்சியில் இன்ஜின் ஒரே ஒரு முறை இருமியது. வந்து நிறுத்தித் தாளைப் பிரித்தாள். பிரித்த தாள் வாங்கியபோது இருந்த வெள்ளையாகவே இருந்தது. தம்கட்டி நம்பாமல் தன் விரலை ஹெட்டின் விளிம்பைச் சுற்றி ஓட்டி, விரலை மோந்து பார்த்தான், பிறகு இன்னொரு விரலை ஓட்டினான். இரண்டும் காய்ந்துதான் இருந்தன. குழாயைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கொக்கித் தராசு எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

சரியாக ஐந்து மணிக்கு வேன் வந்து, பழையபடி கதவை அடைத்துக்கொண்டு நின்றது. ஹோட்டல்காரர் இறங்கி வந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். பிள்ளை கையில் அந்த வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு நின்றான். கண்ணாடியம்மா கையைத் துடைத்துக்கொண்டே, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற அவர் கார்டை எடுத்துவரச் சொன்னாள். பிள்ளைக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. அம்மா ஜெயித்துக் காட்டிவிட்டாள், போதும் என்று மனசு இறங்கிவிட்டாள் போல என்று நினைத்து ஓட்டமாகப் போய் எடுத்து வந்தான். ஹோட்டல்காரரும் பேனாவை எடுத்தார்.

அவள் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இரண்டு சின்ன முனைகள் அதற்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். அவற்றில் அழுக்குச் சேர்ந்தால்தான் இருமும். கார்டை அந்த முனைகளுக்கு நடுவே செருகி, இழுத்தாள். வெள்ளை அட்டையில், ஹோட்டலின் பெயருக்குக் குறுக்கே, கரிக்கோடு ஒன்று விழுந்தது. திருப்பிச் செருகி இன்னொரு தடவை இழுத்தாள். கோடு இல்லாமல் சுத்தமாக வந்தது.

"நல்ல அட்டை. இன்னும் நாலு வருஷத்துக்கு ஆகும்" என்று கார்டை டூல் பையில் போட்டுக்கொண்டாள். மூடியை மாட்டி, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பி, ஏறி உட்கார்ந்தாள். பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேனை எடுக்கச் சொல்லு. வழியை மறைக்குது."